மலைச்சரிவு மனையும் கொடைக்கானல் வழக்கும்



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்து, டீ வரக் காத்திருந்த நேரம். நெய்க்காரப்பட்டிக் குழு ஒன்றின் ஊக்குநர் அக்கா பையிலிருந்து பளபளப்பான நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். "மலை மேல மனைங்க. மாசத் தவணை. நம்ம குழுவுல நாலு பேரு சேரணும்னு சொல்றாங்க. முன்பணத்துக்கு உள்கடன் குடுக்கலாமுங்களா? தீர்மான நோட்டுல எழுதணும், அதான் கேக்குறேன்."

நோட்டீசில் பச்சை மலை, மேகம், நடுவில் சிவப்பு ஓடு போட்ட வீடு. ஓரத்தில் சின்னதாக ஒரு பொக்லைன் நிற்கிறது. மலையின் இடுப்பில் செம்மண் தெரிய ஒரு வெட்டு. கூட்டத்தில் இருந்த வயசான அம்மா ஒருத்தர் கண்ணாடியைத் தூக்கி விட்டுப் பார்த்துவிட்டு, "இது என்ன கண்ணு, மலையைத் தேங்கா கீத்தாட்டம் வெட்டி வெச்சிருக்கான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த நாலு பேர் சிரிக்கவில்லை. பத்து வருஷமாக வாடகை வீட்டில் இருப்பவர்கள் அவர்கள். சொந்தமாக ஒரு காணி நிலம் என்பது அவர்களுக்கு வேடிக்கை இல்லை.

அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்று கூட்டத்தை முடித்தோம். விசாரிக்கப் போன இடத்தில்தான் நம் மாவட்டத்திலேயே, நம் தலைக்கு மேலே இருக்கிற கொடைக்கானலில் நடந்த பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நம்மில் பலருக்கு அந்த வழக்கு வேறு ஒரு காரணத்தால் ஞாபகம் இருக்கும். உள்ளே என்ன நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு நோட்டீசுக்கு வருகிறேன்.

இரண்டு தளம், ஏழு தளம்

மலை ஊர்களில் வீடு கட்டுவதற்கும் நம் சமவெளியில் கட்டுவதற்கும் சட்டம் ஒன்றல்ல. மலை நகரங்களுக்கென்று தனியாகக் கட்டட விதிகள் உண்டு. எத்தனை தளம் கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம், சரிவு எவ்வளவு இருந்தால் கட்டவே கூடாது என்றெல்லாம் அதில் வரும். கொடைக்கானலுக்கு 1993ல் முழுமைத் திட்டம் என்று ஒன்றும் வந்தது. எந்தப் பகுதி குடியிருப்பு, எந்தப் பகுதி வியாபாரம் என்று அதில் பிரித்திருப்பார்கள்.

1990களின் தொடக்கத்தில் அங்கே 'பிளசன்ட் ஸ்டே' என்ற ஓட்டல் எழும்பியது. விதிப்படி இரண்டு தளம்தான். ஆனால் ஏழு தளம் எழும்பிவிட்டது. ஊரில் இருப்பவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே ஒவ்வொரு தளமாக ஏறியது. சும்மா இருந்திருக்கலாம். பெரிய இடத்து விவகாரம், நமக்கெதற்கு என்று போயிருக்கலாம். 1985ல் கொடைக்கானலில் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு அப்படிப் போகவில்லை. அதில் இருந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மரம் நடுவது, சோலைக்காட்டைக் காப்பது என்று வேலை செய்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். நம் கூட்டத்திலும் ஒரு சகோதரி கேட்டார். "இடம் அவனுது, காசு அவனுது. இவங்க யாரு கேக்க?" நியாயமான கேள்விதான். நீதிமன்றங்கள் இதற்குக் கொடுத்திருக்கிற பதில்: மலையில் விதி மீறிக் கட்டினால் பாதிப்பு பக்கத்து மனைக்காரருக்கு மட்டும் இல்லை, ஊருக்கே. அதனால் ஊர்க்காரர்களின் சங்கம் கேட்கலாம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கே உதவும்.

சரி, வழக்கு போய்க்கொண்டிருக்கும்போது என்ன ஆனது? 1994 மே மாதம் மாநில அரசு ஒரு ஆணை போட்டது. அந்த ஓட்டலுக்கு விதியிலிருந்து விலக்கு. மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் 217-கியூ என்று ஒரு பிரிவு. மலை நகரக் கட்டட விதிகளிலிருந்து ஒருவருக்கு விலக்குக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் தந்த பிரிவு அது. அதைப் பயன்படுத்தித்தான் இந்த ஆணை.

விலக்கு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஏமாறுகிற இடம் இதுதான். நம் குழுவில் விதி இருக்கிறது: தவணை தவறினால் அபராதம். ஆனால் ஒருத்தர் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றால் அந்த மாதம் அபராதம் வேண்டாம் என்று கூட்டத்தில் பேசி, காரணத்தை நோட்டில் எழுதி விட்டுவிடுகிறோம். அது விலக்கு. அதையே, ஊக்குநரின் தங்கச்சி என்பதற்காக ஒருத்திக்கு ஐந்து மாதமும் அபராதம் கிடையாது, காரணமும் எழுதவில்லை என்றால்? அதற்குப் பேர் விலக்கா? குழுவே உடைந்து போகும்.

உயர் நீதிமன்றம் பார்த்ததும் ஏறக்குறைய இதைத்தான். 1995ல் அந்த அரசாணை செல்லாது என்று ரத்து செய்தது. கூடுதலாகக் கட்டிய தளங்களை இடிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஓட்டல் தரப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதே 1995ல் உச்ச நீதிமன்றமும் ஊர்க்காரர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

கட்டி முடித்துவிட்டால் யார் இடிக்கப் போகிறார்கள், அபராதம் கட்டிவிட்டால் போச்சு என்கிற தைரியத்தில்தான் மலையில் பலர் கட்டுகிறார்கள். அந்தத் தைரியத்துக்கு விழுந்த முதல் பெரிய அடி இந்தத் தீர்ப்பு. அடித்தது யார்? ஒரு ஊரின் சாதாரண சங்கம்.

1996ல் ஆட்சி மாறியது. விலக்குக் கொடுத்ததில் முறைகேடு என்று முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்கு. 2000 பிப்ரவரி 2ம் தேதி சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஓராண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குற்ற வழக்கில் விடுதலை ஆனாலும், அந்த விலக்கு செல்லாது என்ற 1995 தீர்ப்பு அப்படியேதான் நிற்கிறது. அது வேறு, இது வேறு.

அந்தப் பிப்ரவரி 2ம் தேதி மறக்க முடியாத நாள். தண்டனை அறிவித்ததும் ஊரெல்லாம் மறியல், கல்லெறி. தர்மபுரி பக்கத்தில் இலக்கியம்பட்டியில், சுற்றுலா போய்த் திரும்பிக்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்சுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண் பிள்ளைகள் கருகிப் போனார்கள். கொடைக்கானலில் ஒரு ஓட்டலின் மாடிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம்? இதை எழுதும்போதும் கை நிற்கிறது.

சர்க்கரைக் குவியல்

தளத்துக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்று கேட்கலாம். சென்னையில் இருபது மாடி கட்டவில்லையா?

நம் ஊர் வெல்லச் சந்தைக்கு வாருங்கள். நாட்டுச்சர்க்கரையைத் தார்ப்பாயில் குவித்திருப்பார்கள். அது ஒரு சாய்வில் தானாக நிற்கும். அடியில் கையை விட்டு ஒரு படி எடுத்துப் பாருங்கள். மேலே இருப்பது சரசரவென்று இறங்கும். எடுத்தது ஒரு படி, இறங்குவது அஞ்சு படி. மலைச்சரிவில் மனை போடுவதற்கு முதலில் செய்வது இந்த வேலைதான். சாய்ந்த நிலத்தில் வீடு நிற்காது, அதனால் அடியை வெட்டிச் சமன் செய்கிறார்கள். வெட்டிய இடத்துக்கு மேலே இருக்கிற மண்ணுக்கு இதுவரை இருந்த முட்டு போய்விடுகிறது.

இரண்டாவது, வெட்டிய மண்ணை எங்கே போடுவது? லாரி வைத்து ஏற்றினால் செலவு. எதிர்ப்பக்கச் சரிவில் தள்ளிவிடுகிறார்கள். அது தளர்ந்த மண், வேர் இல்லாத மண். அதன் மேலேயும் ஒரு மனை அளந்து விற்பார்கள். அந்த மனையை வாங்குகிறவர் பெரும்பாலும் நம்மைப் போல ஆள்தான், ஏனென்றால் அதுதான் விலை குறைவு.

மூன்றாவது தண்ணீர். இதுதான் பெரிய எதிரி. மழை பெய்தால் மலையில் தண்ணீர் போக அதற்கென்று வழி உண்டு. வெயில் காலத்தில் பார்த்தால் வெறும் பள்ளம் மாதிரித் தெரியும், நாம் அதை ஓடை என்றே நினைக்க மாட்டோம். அதை மூடி ரோடு போட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். ஈர மண்ணுக்குப் பாரம் கூடும், பிடிப்பு குறையும். தாங்குசுவர் கட்டியிருக்கிறோமே என்பார்கள். சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஓட்டை இல்லாத சுவர் தண்ணீரைத் தேக்கி வைத்து ஒரு நாள் மொத்தமாகச் சாயும்.

இதற்கு மேலே ஐந்து தளம் கூடுதலாக ஏறினால் என்ன ஆகும்? பாரம் மட்டுமில்லை. ஒவ்வொரு அறைக்கும் குளிக்கத் தண்ணீர் வேண்டும். அந்தக் கழிவு எங்கேயாவது போக வேண்டும். மலையில் மண் கனம் குறைவு, கீழே பாறை. கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் உறிஞ்ச மண் கிடையாது. பக்கத்து ஓடைதான். அந்த ஓடை எங்கே வருகிறது?

இங்கேதான் நம் பங்கு. பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு எல்லாம் அந்த மலையின் வடக்குச் சரிவிலிருந்து நம் பக்கம் இறங்குகிறவை. பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கூட்டம் வருகிறது, ஆயக்குடிக் கொய்யா சந்தைக்கு வருகிறது, நெய்க்காரப்பட்டியில் கரும்பு ஆலையாடுகிறது. எல்லாம் மேலே பெய்த மழை நின்று நிதானமாகக் கீழே வருவதால். மலை உச்சியில் இருக்கிற புல்வெளியும் சோலைக்காடும் பஞ்சு மாதிரி. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசிய விடும். பஞ்சை எடுத்துவிட்டுச் சிமெண்ட் போட்டால், மழை அன்றைக்கு வெள்ளம், மறு மாதம் காய்ச்சல். நம் கிணறு வற்றுவதற்குக் காரணம் நம் தோட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் ஒரே மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி நம் மாவட்டம் வழியாகப் போனபோது கொடைக்கானல் மலையில் மரம் சாய்ந்து, மண் சரிந்து, சாலையே அடைபட்டுக் கிடந்தது. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் போன கதையை டிவியில் பார்த்தோம், இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். அங்கே ஏதோ ஓட்டல் மாடிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், கொட்டிய மழை அப்படி. ஆனால் பெருமழை எப்போது வரும் என்று நம் கையில் இல்லை. சரிவை வெட்டுவதும் வெட்டாததும் நம் கையில்.

அதே 2024 டிசம்பர் 1ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை நகரத்தில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு வீட்டின் மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிற ஊர், அந்த மலைக்கடியில். அங்கே வீடு கட்டியவர்கள் மலைக்காட்சி பார்க்கக் கட்டியவர்கள் இல்லை. ஊருக்குள் இடம் வாங்க வழியில்லாமல் மலையடிவாரம் ஏறியவர்கள். இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மலையைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பும்போது முதலில் ஏழையின் குடிசைக்குப் பொக்லைன் அனுப்பிவிட்டு, பெரிய விடுதிக்கு நோட்டீஸ் மட்டும் அனுப்புகிற வழக்கம் நம் நாட்டில் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. குடிசைக்காரருக்கு முதலில் வேறு இடம் காட்ட வேண்டும்.

எல்லோரும் ஒரே பக்கம் இல்லை

கொடைக்கானல் தீர்ப்போடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அதற்குப் பிறகும் விதிமீறிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டேதான் இருந்தன. மறுபடி வழக்கு, மறுபடி உத்தரவு. 2019ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி பல விடுதிகளுக்கு சீல் வைத்தார்கள்.

சீல் வைத்த விடுதியில் அறை கூட்டுகிற, துணி துவைக்கிற பெண்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? முதலாளிக்கு வேறு தொழில் இருக்கும். அவர்களுக்கு? அதனால்தான் உள்ளூர் வியாபாரிகளும் கட்சிக்காரர்களும், பழைய முழுமைத் திட்டத்தை மாற்ற வேண்டும், கட்டியதை வரன்முறைப்படுத்த வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கோரிக்கையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் தப்பு செய்து லாபம் பார்த்தவரைவிட, அங்கே சம்பளத்துக்கு இருந்தவர்தான் கடைசியில் தண்டனை அனுபவிக்கிறார் என்பது என் எண்ணம். முதல் தளத்துக்கு மேலே ஏறும்போதே நகராட்சி தடுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு வேலை போயிருக்காது. ஏனென்றால் வேலையே வேறு இடத்தில், முறையான விடுதியில் கிடைத்திருக்கும்.

அரசியல்வாதி என்றாலே மலையை விற்பவர் என்றும் நினைக்க வேண்டாம். மகாராஷ்டிராவில் புனே நகரைச் சுற்றிக் குன்றுகள். அங்கே அதை 'டேக்டி' என்கிறார்கள். காலையில் பெண்கள் நடக்கப் போகிற இடம். 1997ல் சுற்றுக் கிராமங்களை மாநகராட்சியோடு சேர்த்தபோது அந்தக் குன்றுகளில் கட்டடம் கட்டலாமா கூடாதா என்று பெரிய சண்டை. கட்டக் கூடாது, பல்லுயிர்ப் பூங்காவாக ஒதுக்க வேண்டும் என்று நின்றவர்களில் முக்கியமானவர் வந்தனா சவான். அந்த ஊரின் மேயராக இருந்தவர், பிறகு மாநிலங்களவை உறுப்பினர். வீடு வீடாகப் போய் ஜனங்களைச் சேர்த்து வருஷக்கணக்கில் விடாமல் நின்றார்கள். 2015ல் மாநில அரசு 978 ஹெக்டேரைக் கட்டடம் இல்லாத பூங்காவாக ஏற்றுக்கொண்டது. நிலச் சொந்தக்காரர்களுக்கு என்ன இழப்பீடு என்ற தகராறு அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2023 ஏப்ரலில் அதே ஊரில் வேதாள் டேக்டி வழியாக ரோடு போடும் திட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போனபோது, பல கட்சிக்காரர்களும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடந்தார்கள்.

நம் பக்கம் மட்டும் என்ன? தமிழ்நாட்டில் 2016ல் உள்ளாட்சியில் பெண்களுக்கு ஐம்பது சதவீதம் என்று சட்டம் வந்தது. 2019 கடைசியில் நடந்த ஊரகத் தேர்தலிலும், 2022 பிப்ரவரியில் நடந்த பேரூராட்சி, நகராட்சித் தேர்தலிலும் குழுவிலிருந்து எத்தனை பேர் வார்டு உறுப்பினராகப் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். "உள்ளூர் அரசியல்வாதி" என்று நாம் யாரையோ சொல்கிறோம். அது நம்ம வரிசையில் உட்கார்ந்து சந்தா கட்டிய அக்காவாகவும் இருக்கலாம். மனைப்பிரிவு விஷயம் மன்றக் கூட்டத்துக்கு வரும்போது அவர் கை தூக்குவாரா, கேள்வி கேட்பாரா என்பது நாம் முன்கூட்டியே போய் அவரிடம் பேசுகிறோமா என்பதைப் பொறுத்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் போங்கள், மறுநாள் போய்ப் பயனில்லை.

நோட்டீசுக்கு வருவோம்

அந்த மனைக்காரரிடம் நம் சகோதரிகள் இரண்டு பேர் நேரில் போய்க் கேட்டார்கள். அவர் முதலில் காட்டியது வில்லங்கச் சான்று. "பாருங்கம்மா, சுத்தமா இருக்கு." வில்லங்கச் சான்று என்ன சொல்லும்? அந்த இடத்தை யார் யாருக்கு விற்றார், அடமானம் இருக்கிறதா என்று சொல்லும். அங்கே வீடு கட்டலாமா என்று அது சொல்லவே சொல்லாது. பட்டாவும் அப்படித்தான். பெயர் யாருடையது என்று சொல்லும், மலை சரியுமா என்று சொல்லாது.

அடுத்து, "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க" என்றார். இந்த வார்த்தையைக் கேட்டாலே உஷாராகிவிடுங்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட தாள் மட்டும் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். இப்படி அங்கீகாரம் இல்லாத மனைகள் ஊரெல்லாம் பெருகியதால்தான் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைப் பத்திரம் பதியத் தடை போட்டது. 2017ல் பழைய மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. அந்தச் சமயத்தில் பணம் கட்டிவிட்டுப் பதிய முடியாமல் அலைந்தவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 'ரெரா' என்கிற கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிந்த எண்ணும் இருக்க வேண்டும். நோட்டீசிலேயே அந்த எண் போட்டிருக்க வேண்டும். நம் நோட்டீசில் முருகன் படம் இருந்தது, எண் இல்லை.

மலை என்றால் இதோடு முடியாது. மலையிடப் பாதுகாப்புக் குழுமம் என்று 1990ல் அரசு ஏற்படுத்தியது. ஆபீசில் 'ஹாகா' என்பார்கள். மலைப்பகுதி என்று பட்டியலில் போட்ட கிராமங்களில் மனைப்பிரிவுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் அதன் இசைவு தேவை. கொடைக்கானல் தாலுகா அந்தப் பட்டியலில் வருகிறது. மற்ற இடங்களில் வருவாய்க் கிராமத்தின் பெயரைச் சொல்லித்தான் பட்டியலில் உண்டா என்று கேட்க வேண்டும். ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது, ஒரே ஊர் இரண்டு வருவாய்க் கிராமத்தில் இருக்கும். 2013ல் 608 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மனை அதை ஒட்டி இருந்தால் வனத்துறையையும் கேட்க வேண்டும்.

கேட்டால் சொல்லுவாங்களா என்று பயப்படுகிறோம். 2005லிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பினால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமும் இல்லை. "இந்த மனை நல்ல மனையா?" என்று எழுதினால் பதில் வராது, அதைச் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. சர்வே எண்ணைப் போட்டு, "இந்த எண்ணில் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுக்கப்பட்டுள்ளதா, கொடுத்திருந்தால் ஆணையின் நகல், மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவுக் கடித நகல்" என்று கேளுங்கள். தாளைக் கேட்க வேண்டும், கருத்தைக் கேட்கக் கூடாது. சர்வே எண் வேண்டும் என்று மனைக்காரரிடம் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது என்று நம் சகோதரிகள் சொன்னார்கள். "அதெல்லாம் முன்பணம் கட்டினப்புறம் தர்றோம்மா, உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றாராம்.

மலையில் மனை வாங்கவே கூடாது என்று இந்த இதழ் சொல்லவில்லை. கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் வீடு வேண்டும். விதிப்படி, சரிவு குறைந்த இடத்தில், ஓடையை விட்டு, ஒரு தளம் இரண்டு தளம் கட்டித் தலைமுறையாக இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். நேரில் பார்க்கப் போகிறவர்கள் வெயில் நாளில் போகாதீர்கள், ஐப்பசி மழையில் போங்கள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று அன்றைக்குத் தெரியும். மரம், கம்பம் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, பக்கத்து வீட்டுச் சுவரில் குறுக்கு விரிசல் இருக்கிறதா, ரோட்டில் பிளவு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு டம்ளர் தண்ணி கேட்டு உட்காருங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்லுவார்.

2024 மே 7லிருந்து கொடைக்கானலுக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. மலை எவ்வளவு வண்டி தாங்கும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். எவ்வளவு மனை தாங்கும் என்ற கணக்கும் சேர்ந்தே வரும். அந்த நாளில் நம் கையில் இருக்கிற பத்திரம் செல்லுமா என்று இன்றைக்கே பார்ப்பது நல்லது.

இப்போது நிலவரம்: அந்த நாலு பேரும் முன்பணம் கட்டவில்லை. உள்கடன் தீர்மானம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, நிராகரிக்கப்படவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் மூலமாக சர்வே எண் கிடைத்துவிட்டது. குழுவில் கணக்கு எழுதும் பெண்ணின் கையெழுத்தில் தகவல் உரிமை மனு இரண்டு, ஒன்று நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும், நெய்க்காரப்பட்டித் தபாலாபீசிலிருந்து போயிருக்கிறது. ஒப்புகை அட்டை இரண்டையும் தீர்மான நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பதில் வந்ததும் அடுத்த இதழில் அப்படியே அச்சிடுகிறோம்.